கடலில் வருவது யார்?

கடலின்மேல் ஒரு கலம் தோன்றும்போது, அதைக் காண்போர் உள்ளத்தில் எழும் முதற் கேள்வி, 'வருவது யார்?' என்பதேயாகும். நிலத்தில் எதிர்ப்படும் மனிதனை முகத்தாலும் நடையாலும் குரலாலும் அறிந்துகொள்கிறோம். கடலிலோ இவற்றுள் ஒன்றும் உதவுவதில்லை. பூமி உருண்டையாயிருப்பதால், தொலைவில் வரும் கப்பலின் உச்சி மட்டுமே முதலில் தென்படும். பிறகு மேற்கட்டுகள் தோன்றும். உடற்பகுதி கடைசியிலேதான் வெளிப்படும். நீர்மட்டத்துக்கு மேல் 20 மீட்டர் உயரத்தில் நிற்பவனுக்கும் தொடுவானம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலேயே முடிந்துவிடுகிறது. பனிமூட்டமும் மழைத்திரையும், நீரில் பட்டுக் கண்ணைப் பறிக்கும் வெயிலும் அந்தக் காட்சியையும் கலைத்துவிடுகின்றன. இத்தனைக்கும் இடையில், வருவது நண்பனா, பகைவனா, சரக்குக் கப்பலா, மீன் பிடிக்க வந்த ஏழைப் படகா என்பதைச் சில நிமிடங்களுக்குள் ஒருவன் சொல்லியாக வேண்டும். அவன் சொல்லும் ஒரு சொல்லில் பல உயிர்கள் அடங்கியிருக்கின்றன.

இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பில் ஒரு பகுதியை இன்று நாம் யந்திரங்களிடம் ஒப்படைத்து வருகிறோம். மாலுமி இல்லாத ஓடங்களும், விமானி ஏறாத விமானங்களும் காமிராக்களைச் சுமந்துகொண்டு கடலைச் சுற்றி வருகின்றன. அவற்றோடு இணைந்த கணினிகள் படத்தைப் பார்த்து, 'இஃது எண்ணெய்க் கப்பல், இது போர்க்கப்பல், இது மீன்பிடி படகு' என்று வகைப்படுத்துகின்றன. 'கணினிப் பார்வை' என்பது இக்கலைக்கு வழங்கும் பெயர். இது திடீரென்று வானத்திலிருந்து குதித்த வித்தை அன்று. கப்பலை அடையாளம் காண்பதற்கு மனிதன் செய்துவந்த நீண்ட முயற்சியில் பிந்திய படி இது. முந்திய படிகளில் அவன் எங்கே தடுக்கி விழுந்தான் என்பதை அறிந்தால்தான், இந்தப் படியில் எவ்வாறு கால் வைப்பது என்பது நமக்கு விளங்கும். ஆகவே அவ்வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

பாய்க்கப்பல் காலத்தில் கப்பலுக்கு முகமாக விளங்கியது கொடி. ஆங்கிலக் கடற்படை அதிகாரியாக இருந்த பிரெடரிக் மாரியட் என்பவர், 1817-ஆம் ஆண்டில் வணிகக் கப்பல்களுக்கென்று ஒரு கொடிச் சைகை நூலை வெளியிட்டார். கப்பல்களுக்கு எண்கள் வகுத்து, அவ்வெண்களைக் கொடிகளால் அறிவிக்கும் முறை அதனால் பரவிற்று. 1857-இல் பிரிட்டனில் தொகுக்கப்பட்ட மற்றொரு சைகை முறை, நாளடைவில் சர்வதேச முறையாக வளர்ந்தது. ஆயினும் கொடி என்பது ஒரு துணிதானே? இறக்குவதும் மாற்றுவதும் ஒரு நொடி வேலை. மேலும், வேற்று நாட்டுக் கொடியை ஏற்றிக்கொண்டு பகைவனை நெருங்கலாம், ஆனால் முதற் குண்டைச் சுடுவதற்கு முன் தன் உண்மைக் கொடியை உயர்த்திவிட வேண்டும் என்பது கடற்போரில் நெடுங்காலமாக வழங்கிவந்த மரபு. ஏமாற்றுவதற்கு வழக்கமே இவ்வளவு இடம் கொடுத்திருக்கையில், கொடியை மட்டும் நம்பி எவன் நிம்மதியாக உறங்க முடியும்?

எனவே கப்பலோட்டிகள் கொடியை விட்டுக் கப்பலின் உருவத்தையே நோக்கத் தொடங்கினர். நீராவிக் கப்பல்கள் வந்தபின் இஃது ஒருவாறு எளிதாயிற்று. புகைபோக்கிகள் எத்தனை, அவை நெருங்கி நிற்கின்றனவா, விலகி நிற்கின்றனவா, கொடிமரங்கள் எங்கே உள்ளன, பீரங்கி மேடைகள் எவ்வாறு அமைந்துள்ளன என்ற குறிப்புகளைக் கொண்டு கப்பலின் பெயரையே சொல்லிவிடலாம். இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெட் ஜேன் என்பவர், உலகத்துப் போர்க்கப்பல்களின் உருவங்களையெல்லாம் தொகுத்து 1898-இல் ஒரு நூலாக வெளியிட்டார். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பெற்று இன்றளவும் வெளிவரும் அந்நூலைக் கடற்படையினர் பலரும் கைந்நூலாகக் கொண்டனர். கறுப்பு மையில் தீட்டிய நிழலுருவங்களைப் பார்த்துப் பார்த்து மனத்தில் பதியவைத்துக்கொள்வதே அவர்களுடைய பயிற்சி.

இந்தப் பயிற்சியையே தனக்கு ஆயுதமாக்கிக்கொண்ட ஒரு கப்பலைத் தமிழ்நாடு நன்கு அறியும். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசி, கரையிலிருந்த எண்ணெய்த் தொட்டிகளைத் தீக்கிரையாக்கிய ஜெர்மன் குரூசர் கப்பலான எம்டன்தான் அது. தந்திரசாலியை 'எம்டன்' என்று அழைக்கும் வழக்கமும் அதிலிருந்தே நம் பேச்சில் வந்து சேர்ந்தது. எம்டனுக்கு இருந்த புகைபோக்கிகள் மூன்று. இந்துமகா சமுத்திரத்தில் அதைத் தேடிக்கொண்டிருந்த ஆங்கிலக் கப்பல்களில் ஒன்றான யார்மத்துக்கோ நான்கு. எம்டனின் தலைவர் கார்ல் வான் முல்லர், நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைத் தம் கப்பலில் நிறுத்தினார். 1914 அக்டோபர் 28-ஆம் நாள் விடியற்காலையில், அந்த நான்கு புகைபோக்கிகளோடு அது பினாங்குத் துறைமுகத்தினுள் நுழைந்தது. தன் உண்மைக் கொடியை உயர்த்தியபின், அங்கிருந்த ருஷியக் குரூசரான ஜெம்சூக்கை மூழ்கடித்தது; வெளியேறும்போது ஒரு பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் அழித்துச் சென்றது.

எனினும் அதே தந்திரம் மறுமுறை பலிக்கவில்லை. 1914 நவம்பர் 9-ஆம் நாள் கோகோஸ் தீவுகளிலிருந்த தந்தி நிலையத்தை அழிக்க எம்டன் சென்றபோது, அங்கிருந்த ஊழியர்கள் நான்காவது புகைபோக்கி போலி என்பதைக் கண்டுகொண்டனர். அறிமுகமில்லாத கப்பலொன்று வந்திருக்கிறது என்று உடனே செய்தி அனுப்பினர். அருகே சென்றுகொண்டிருந்த கப்பற் கூட்டத்துக்குக் காவலாக வந்த ஆஸ்திரேலியக் குரூசரான சிட்னி அச்செய்தியைக் கேட்டு விரைந்து வந்தது. எம்டனின் ஆட்டம் அன்றோடு முடிந்தது. புகைபோக்கிகளை எண்ணிப் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அந்தப் புகைபோக்கி மெய்தானா என்று ஐயுற்றவர்கள் தப்பினார்கள். கப்பலை அடையாளம் காணும் கலையின் முதற் பாடம் இதுவே எனலாம்.

அப்போரிலேயே மற்றொரு புதுமையும் தோன்றிற்று. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் வணிகக் கப்பல்களை வேட்டையாடி வந்த 1917-ஆம் ஆண்டில், நார்மன் வில்கின்சன் என்ற ஆங்கில ஓவியர் ஒரு யோசனை சொன்னார். கடலில் ஒரு கப்பலை முற்றிலும் மறைப்பது இயலாத காரியம்; ஆனால் பார்ப்பவனைக் குழப்புவது இயலும் என்பது அவர் கருத்து. கப்பலின் உடல் முழுவதும் கறுப்பும் வெள்ளையும் நீலமுமாகக் கோணல்மாணலான பட்டைகள் தீட்டப்பட்டன. நீர்மூழ்கியின் பெரிஸ்கோப்பு வழியே பார்ப்பவனுக்குக் கப்பல் தெரியும். ஆனால் முகப்பு எது, பின்புறம் எது, எத்திசையில் எவ்வளவு வேகத்தில் செல்கிறது என்பது விளங்காது. டார்ப்பீடோவைக் குறிபார்த்துச் செலுத்துவதற்கு இவைதாமே தேவை? கண்ணுக்குத் தெரிவது வேறு, தெரிந்ததை அறிவு புரிந்துகொள்வது வேறு என்ற உண்மையை இந்த வண்ணப்பட்டைகள் எடுத்துக்காட்டின. இன்றைய யந்திரப் பார்வைக்கும் இது பொருந்துவதைப் பின்னர்க் காண்போம்.

இரண்டாம் உலகயுத்தத்தில் கப்பல்கள் பெருகின, வேகம் மிகுந்தது, விமானங்களும் கடற்போரில் புகுந்தன. முடிவு செய்யக் கிடைக்கும் அவகாசமோ சுருங்கிவிட்டது. 1941 மே மாதத்தில் ஜெர்மன் போர்க்கப்பலான பிஸ்மார்க்கைத் துரத்திய நான்கு நாட்களுக்குள்ளேயே இரண்டு பெரும் பிழைகள் நேர்ந்தன. மே 24-ஆம் நாள் காலையில், ஐஸ்லாந்துக்கும் கிரீன்லாந்துக்கும் இடையிலுள்ள நீரிணையில், ஆங்கிலக் கப்பலான ஹூட் பகைக்கப்பல்கள் இரண்டைக் கண்டது. ஒன்று பிஸ்மார்க், மற்றொன்று அதனினும் சிறியதான பிரின்ஸ் ஆய்கென். அளவில் வேறுபட்டாலும் இரண்டின் நிழலுருவமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. முதல் நாள் மாலையில் பிஸ்மார்க்கின் முன்புற ரேடார் பழுதாகிவிட்டதால், சிறிய கப்பல் முன்னே சென்றுகொண்டிருந்தது. முன்னே செல்வதே பிஸ்மார்க் என்று கருதி ஹூட் அதைக் குறிபார்த்துச் சுட்டது. சில நிமிடங்களில் பிஸ்மார்க்கின் குண்டு பட்டு ஹூட் வெடித்துச் சிதறிற்று. அதிலிருந்த 1418 பேரில் உயிர் தப்பியவர் மூவரே. இப்பேரழிவுக்கு அந்தப் பிழை ஒன்றே காரணம் என்று கூறலாகாது. ஆனால் விலைமதிப்பற்ற முதல் நிமிடங்கள் அதனால் வீணாயின என்பதில் ஐயமில்லை.

மே 26-ஆம் நாள் நடந்தது இன்னும் விசித்திரமானது. ஆர்க் ராயல் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து, பிஸ்மார்க்கைத் தாக்க ஸ்வோர்டுபிஷ் விமானங்கள் புறப்பட்டன. அப்பகுதியில் வேறு கப்பல் எதுவும் இல்லை என்று விமானிகளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் ஷெபீல்டு என்ற ஆங்கிலக் குரூசரே பிஸ்மார்க்கைத் தொடருமாறு அங்கே அனுப்பப்பட்டிருந்தது. அச்செய்தி அவர்களுக்கு எட்டவில்லை. ரேடாரில் ஒரு கப்பல் தென்பட்டது; மேகத்தைப் பிளந்துகொண்டு இறங்கிய விமானிகளிற் பலர், தம் நாட்டுக் கப்பல்மீதே டார்ப்பீடோக்களை வீசினர். நல்வினையாக, அந்த டார்ப்பீடோக்களின் காந்த விசைகளில் குறை இருந்தது. சில நீரைத் தொட்டவுடனே வெடித்தன; எஞ்சியவற்றிலிருந்து ஷெபீல்டு சாமர்த்தியமாக விலகிக்கொண்டது. அன்று மாலை மோதினால் வெடிக்கும் விசைகளை மாற்றிப் பொருத்திக்கொண்டு சென்ற விமானங்கள் பிஸ்மார்க்கின் சுக்கானை முடக்கின. மறுநாள் அது மூழ்கிற்று. ரேடார் பொய் சொல்லவில்லை. 'ஒரு கப்பல் இருக்கிறது' என்று மட்டுமே அது சொல்லிற்று. 'பிஸ்மார்க்' என்ற பெயரைச் சூட்டியது மனிதர்களின் எதிர்பார்ப்பே.

இத்தகைய பிழை ஒரு நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. 1942 மே 7-ஆம் நாள் பவழக் கடலில், ஜப்பானிய வேவு விமானம் ஒன்று, விமானந்தாங்கிக் கப்பலையும் குரூசரையும் கண்டதாகச் செய்தி அனுப்பியது. உடனே 78 விமானங்கள் தாக்கப் புறப்பட்டன. அங்கே இருந்தவை நியோஷோ என்ற எண்ணெய்க் கப்பலும் சிம்ஸ் என்ற நாசகாரிக் கப்பலுமே. அவை இரண்டும் அழிந்தன. ஆனால் ஜப்பானியர் தேடிய விமானந்தாங்கிகள் வேறிடத்தில் இருந்தன. அதே நாள் காலையில், அவற்றின் விமானங்கள் ஜப்பானிய விமானந்தாங்கியான ஷோஹோவை மூழ்கடித்தன. காண விரும்பியதைக் கண் கண்டுவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இப்பிழைகளைக் குறைக்க அக்காலத்தில் மேற்கொண்ட வழி நம் கவனத்துக்கு உரியது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மனோதத்துவ அறிஞராக இருந்த சாமுவேல் ரென்ஷா, கப்பல்கள், விமானங்களின் படங்களைக் கண் இமைப்பதினும் குறைந்த நேரம் திரையில் காட்டிப் பயிற்றும் முறையை வகுத்தார். வீரர்கள் படத்தைப் பார்ப்பார்கள், பெயரைச் சொல்வார்கள், தவறினால் திருத்தப்படுவார்கள். புகைபோக்கியை எண்ணிக்கொண்டிராமல், முழு உருவத்தையும் ஒரே நோக்கில் பற்றிக்கொள்ளும் திறன் இவ்வாறு கைகூடிற்று. உள்ளங்கையில் அடங்கும் சிறு கப்பல் உருவங்களைச் செய்து, பல கோணங்களிலிருந்து நோக்கிப் பழகுவதும் உண்டு. படத்தைக் காட்டு, விடையைக் கேள், தவறைத் திருத்து என்ற இந்த முறையை நினைவில் வைத்துக்கொள்வோம். யந்திரத்துக்குக் கண் கொடுத்தவர்களும் இறுதியில் இதே வழியைத்தான் பின்பற்றினர்.

மனிதக் கண்ணுக்குத் துணையாக வந்த முதற்பெருஞ் சாதனம் ரேடார். 1935 பிப்ரவரி 26-ஆம் நாள் இங்கிலாந்தில் வாட்சன்-வாட் நடத்திய சோதனையில், டாவெண்ட்ரி வானொலி நிலையத்திலிருந்து எழுந்த அலைகளே ஒரு விமானத்தில் பட்டுத் திரும்பி அதன் இருப்பை அறிவித்தன. இசையும் செய்தியும் சுமந்த அலைகள் இவ்வாறு காவல் தொழிலையும் மேற்கொண்டன. பின்னர் 1978-இல் அமெரிக்கா செலுத்திய சீசாட் என்ற செயற்கைக்கோள், ரேடார் அலைகளால் கடலைப் படம் பிடித்தது. சுமார் மூன்றரை மாதங்களே அது இயங்கினாலும், கப்பல்களையும் அவை நீரில் இழுத்துச் செல்லும் தடங்களையும் விண்ணிலிருந்து காணலாம் என்பதை மெய்ப்பித்தது. இரவிலும் மேகத்தினூடும் காணவல்ல இத்தகைய கண்ணை இந்தியாவும் ரிசாட்-1 செயற்கைக்கோளின் வாயிலாக 2012-இல் விண்ணில் நிறுத்திற்று.

இருப்பை அறிந்தால் போதாது, பெயரும் தெரியவேண்டும் என்பதற்காகக் கப்பலே தன் பெயரைச் சொல்லும் ஏற்பாடும் வந்தது. ஒவ்வொரு பெரிய கப்பலுக்கும் மாறாத ஏழிலக்க எண் ஒன்று வழங்கும் முறை 1987-இல் வகுக்கப்பட்டு, 1996-இல் கட்டாயமாயிற்று. கப்பலின் பெயரும் கொடியும் உரிமையாளரும் மாறினாலும் அவ்வெண் மாறாது. அதன்பின், தன் எண்ணையும் இடத்தையும் வேகத்தையும் வானொலி அலையில் இடைவிடாது அறிவித்துக்கொண்டேயிருக்கும் தானியங்கி அடையாளக் கருவி வந்தது. சர்வதேசப் பயணம் செய்யும் 300 டன்னுக்குக் குறையாத கப்பல்கள் யாவும் 2004 இறுதிக்குள் அதைப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

இனி ஐயத்துக்கு இடமில்லை என்று அப்போது தோன்றியிருக்கலாம். ஆனால் தன் பெயரைத் தானே சொல்லும் கருவியை அணைத்துவிட்டால் கப்பல் ஊமையாகிவிடும். மாற்றியமைத்தால் பொய் பேசும். 2021 ஜூன் மாதத்தில், ஆங்கிலப் போர்க்கப்பலான டிபெண்டரும் டச்சுப் போர்க்கப்பலான எவெர்ட்சனும் கருங்கடலின் ஒடெசா துறைமுகத்தில் கட்டப்பட்டிருந்த இரவிலே, அவை ருஷியக் கடற்படைத் தளமான செவஸ்தபோலை நெருங்கிவிட்டன என்று அடையாளப் பதிவுகள் காட்டின. கப்பல்கள் அசையவே இல்லை, பதிவுகள் போலியானவை. எம்டனின் பொய்ப் புகைபோக்கி நூறாண்டு கழிந்து வானொலி அலையாக மறுபிறவி எடுத்துவிட்டது! கருவி கூறுவது மெய்தானா என்று கண்ணால் கண்டு உறுதி செய்யும் தேவை இதனால் மீண்டும் எழுந்தது. ஆனால் பரந்த கடலெங்கும் காவற்காரர்களை நிறுத்த எந்நாட்டாலும் முடியாது. இங்கேதான் யந்திரக் கண் வந்து சேர்கிறது.

யந்திரத்துக்குப் பார்க்கக் கற்பிப்பது எளிது என்றே தொடக்கத்தில் எண்ணினார்கள். 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒரு கோடை விடுமுறைக்குள் அதன் பெரும்பகுதியை முடித்துவிடலாம் என்று மாணவர்களுக்குத் திட்டம் வகுத்துக் கொடுத்தனர். கோடைகள் பல கழிந்தன; வேலை முடியவில்லை. குழந்தை ஒரே நோக்கில் அறிந்துகொள்வதை யந்திரத்துக்கு விதிகளாக எழுதிக் கொடுப்பது எத்துணை அரிது என்பது அப்போதுதான் புலனாயிற்று. ஜப்பானிய ஒலிபரப்புக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய குனிஹிகோ புகுஷிமா, கண்ணிலும் மூளையிலும் காட்சி படிப்படியாக உருவாகும் முறையைப் பின்பற்றி, 1980-ஆம் ஆண்டையொட்டி ஓர் அமைப்பை வெளியிட்டார். 1989-இல் யான் லெக்குன் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், கையால் எழுதிய அஞ்சல் எண்களைப் படிக்க யந்திரத்தைப் பயிற்றினார். 2012-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தார் சுமார் 12 லட்சம் படங்களைக் காட்டிப் பயிற்றிய ஓர் அமைப்பு, ஆயிரம் வகைப் பொருள்களை இனம்பிரிக்கும் போட்டியில், மற்றவர்கள் 26 விழுக்காடு தவறியபோது ஏறத்தாழ 15 விழுக்காடே தவறியது. இன்றைய கணினிப் பார்வைக்குத் தலைவாயில் அதுவே.

இவ்வமைப்பு வேலை செய்யும் விதத்தைச் சுருங்கச் சொல்லலாம். படம் என்பது கணினிக்கு எண்களின் கட்டம். முதல் அடுக்கு அதில் விளிம்புகளையும் கோடுகளையும் தேடும். அடுத்த அடுக்கு அக்கோடுகள் சேர்ந்த மூலைகளையும் வளைவுகளையும் தேடும். மேலடுக்குகள் கொடிமரம், மேற்கட்டு, சரக்குப் பெட்டிகளின் வரிசை போன்ற உருவங்களை உணரும். விடை தவறினால் உள்ளேயுள்ள எண்கள் சிறிது மாற்றப்படும். லட்சக்கணக்கான முறை இவ்வாறு நடந்தபின், எந்த மனிதனும் எழுதிக் கொடுக்காத ஒரு திறன் அதில் உருவாகிவிடுகிறது. ரென்ஷாவின் திரைக்கு முன் அமர்ந்திருந்த வீரனைப் போலவே இதுவும் படம் பார்த்துப் பழகியதுதான். ஆனால் கடல் அதற்குக் கடுமையான ஆசான். அலையில் ஓடம் ஆடும்போது காமிராவும் ஆடும், தொடுவானம் சாயும், நுரை படகைப் போலவும் படகு நுரையைப் போலவும் தோன்றும், தொலைவிலுள்ள பெருங்கப்பலும் படத்தில் சில புள்ளிகளுக்குள் அடங்கிவிடும்.

இத்தடைகளுக்கு இடையிலும் ஆளில்லாக் கலங்கள் முன்னேறி வருகின்றன. 2016-இல் அமெரிக்கா கடலில் இறக்கிய சீ ஹண்டர் என்ற 40 மீட்டர் நீளமுள்ள கலம், கலிபோர்னியாவின் சான் டியாகோவிலிருந்து ஹவாயி வரை சென்று திரும்பிற்று. வழியில் பழுதுபார்க்கச் சிறிது நேரம் ஏறியவர்களைத் தவிர அதில் மாலுமிகள் இல்லை. 2022-இல் மேபிளவர் என்ற சிறு ஆளில்லா ஓடம், இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு அட்லாண்டிக்கைக் கடந்து ஜூன் 5-ஆம் நாள் கானடாவின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தை அடைந்தது. கடற்படங்களைப் பார்த்துப் பயின்ற கணினிப் பார்வையே அதன் காவற்காரன். இடையில் யந்திரக் கோளாறுகள் அதன் போக்கை மாற்றின என்பதையும் மறைப்பதற்கில்லை.

நம் நாட்டுக் கடற்படை, 2020 நவம்பரில் சீ கார்டியன் என்ற ஆளில்லா விமானங்கள் இரண்டைக் குத்தகைக்கு எடுத்து, அரக்கோணத்திலுள்ள ராஜாளி விமானத் தளத்தில் நிறுத்திற்று. ஒரே மூச்சில் 30 மணி நேரத்துக்கும் மேலாகப் பறக்க வல்லவை அவை. அலைகளில் கப்பல் ஆடும் ஆட்டத்தையே பயன்படுத்தி அதன் உருவத்தை வரைந்துகொள்ளும் ரேடார் அவற்றில் உண்டு. விமானத்தில் எவரும் இல்லை. ஆனால் தரையில் அமர்ந்து அதைச் செலுத்துவோரும், அனுப்பும் காட்சிகளைக் காண்போரும் உண்டு. 2024 செப்டம்பரில் அவற்றுள் ஒன்று கோளாறு காரணமாகச் சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் இறக்கப்பட்டு இழப்பாயிற்று. எனினும் அடுத்த மாதமே, முப்படைகளுக்குமாக இவ்வகை விமானங்கள் 31 வாங்க ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

இவ்வளவு முயற்சி நமக்கு ஏன் வேண்டும் என்று வினவலாம். 2008 நவம்பர் 26-ஆம் நாள் பம்பாயைத் தாக்கியவர்கள் வந்தது போர்க்கப்பலில் அன்று; போர்பந்தரைச் சேர்ந்த குபேர் என்ற மீன்பிடி படகைக் கைப்பற்றி, நம் படகுகளின் கூட்டத்தோடு கூட்டமாகவே வந்தனர். அதன்பின் கரையோரமெங்கும் ரேடார்களும் காமிராக்களும் நிறுவப்பட்டு, அவற்றின் செய்திகள் 2014 முதல் குருகிராமத்திலுள்ள ஒரு மையத்தில் ஒன்றுசேர்க்கப்படுகின்றன. பகைவனைக் கண்டுகொள்ளத் தவறினால் வரும் கேடு இது. பகைவன் அல்லாதவனைப் பகைவன் என்று கொள்வதால் வரும் கேடும் உண்டு. 2012 பிப்ரவரி 15-ஆம் நாள் கேரளக் கரைக்கு அப்பால், என்ரிக்கா லெக்சி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலிருந்த படைவீரர்கள், நெருங்கி வந்த ஒரு படகைக் கடற்கொள்ளையர் படகென்று கருதிச் சுட்டனர். இறந்தவர்கள் மீனவர் இருவர். ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்தவர். இரு நாடுகளுக்கிடையே எழுந்த வழக்கு, சர்வதேச நடுவர் மன்றம் வரை சென்று, 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு 2021-இல் முடிந்தது. போன உயிர்களை எந்த மன்றம் மீட்டுத்தர இயலும்?

யந்திரம் பார்த்திருந்தால் இப்பிழை நேர்ந்திராது என்று சொல்லத் தோன்றும். ஆனால் இரண்டு செய்திகள் நம்மைத் தயங்கச் செய்கின்றன. 2017-இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்கள், ஒரு பொம்மை ஆமையின் ஓட்டிலுள்ள வண்ணங்களைச் சிறிது மாற்றியமைத்தனர். நம் கண்ணுக்கு அஃது ஆமையாகவே தெரிந்தது. கணினியோ அதைத் துப்பாக்கி என்றது. வில்கின்சனின் வண்ணப்பட்டைகள் மனிதக் கண்ணைக் குழப்பியது போலவே, யந்திரக் கண்ணைக் குழப்பும் பட்டைகளும் உண்டு என்பது இதனால் தெளிவாகும். மற்றொன்று 1988 ஜூலை 3-ஆம் நாள் பாரசீக வளைகுடாவில் நிகழ்ந்தது. வின்சென்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல், ஈரானியப் பயணிகள் விமானம் ஒன்றைப் போர் விமானம் என்று கருதிச் சுட்டு வீழ்த்தியதில் 290 பேர் மாண்டனர். அவ்விமானம் மேலேறிக்கொண்டிருந்தது என்று கப்பலின் யந்திரங்கள் சரியாகவே பதிவு செய்திருந்தன. அது தாக்குவதற்கு இறங்கி வருகிறது என்று மனிதர்கள் அறிவித்தனர். யந்திரமும் ஏமாறும், அது சரியாகச் சொல்லும்போது மனிதனும் அச்சத்தால் வேறாகக் கேட்பான். ஒருவரை நீக்கிவிட்டு மற்றவரை நம்புவதில் பயனில்லை. ஒருவர் சொல்லை மற்றவர் சோதிக்கும் ஏற்பாடே வேண்டும்.

நம் கரையைப் பொறுத்தமட்டில் இன்னுமொரு கடமை உண்டு. தனக்குக் காட்டப்பட்டதையே யந்திரம் அறியும். எண்ணெய்க் கப்பலும் சரக்குக் கப்பலும் உலகெங்கும் ஒரே சாயலில் இருக்கின்றன. அவற்றின் படங்களுக்குப் பஞ்சமில்லை. கட்டுமரமும் வள்ளமும் விசைப்படகுமோ ஊருக்கு ஊர் வேறுபடுவன. நீளம் 20 மீட்டருக்கு உட்பட்ட இக்கலங்கள், தானியங்கி அடையாளக் கருவி கட்டாயம் என்ற விதியின் எல்லைக்குள்ளும் வரவில்லை. ஒரு லட்சம் மீன்பிடிக் கலங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே செய்தி பரிமாறும் கருவிகளை வழங்கும் திட்டம் 2024-இல் தொடங்கப்பட்டது நன்முயற்சியே. அதனோடு, நாகப்பட்டினத்து விசைப்படகும் குமரிமுனை வள்ளமும், மழையிலும் வெயிலிலும் அந்திப்பொழுதிலும் எவ்வாறு தோன்றும் என்பதை யந்திரத்துக்கு முறையாகக் கற்பித்தாக வேண்டும். அதை நமக்காக வேறு எந்நாட்டாரும் செய்துதர மாட்டார்கள். அறியாத உருவத்தைப் பார்த்தால், 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லவும் அதற்குக் கற்பிக்க வேண்டும். ஏனெனில், தெரியாததற்கும் ஒரு பெயரைச் சூட்டிவிடும் அவசரமே ஷெபீல்டின்மீது டார்ப்பீடோக்களை வீசச் செய்தது.

கடலில் கப்பல்கள் மோதாமல் காக்கும் சர்வதேச விதிகள் 1972-இல் வகுக்கப்பட்டு 1977-இல் அமலுக்கு வந்தன. கண்ணாலும் காதாலும், கிடைக்கும் பிற சாதனங்கள் எல்லாவற்றாலும் எந்நேரமும் காவல் பார்த்திருக்க வேண்டும் என்று அவை ஒவ்வொரு கலத்தையும் பணிக்கின்றன. கண்ணையும் காதையும் முதலில் வைத்து, சாதனங்களை அவற்றின் துணையாக வைத்த அந்த வரிசை நாம் கருதத்தக்கது. ஆளில்லா ஓடத்தின் கண்கள் ஓயாமல் விழித்திருக்கும். அலுப்பும் உறக்கமும் அவற்றுக்கு இல்லை. கடலில் தத்தளிக்கும் மீனவனைத் தேடுவதற்கும், வரம்பு மீறி வரும் கலத்தைக் கண்டறிவதற்கும் அவை நமக்குப் பெருந்துணையாகும். அத்துணையை நன்றியோடு ஏற்போம். ஆனால் 'வருவது யார்?' என்ற கேள்விக்குப்பின் 'என்ன செய்வது?' என்ற கேள்வியும் உண்டு. முன்னதற்கு யந்திரம் விடை சொல்லட்டும். பின்னதற்கு, செய்ததற்குப் பொறுப்பேற்று நிற்கக்கூடிய மனிதனே விடை சொல்லவேண்டும்.